வர்ஷாவைக் கூப்பிட்டார்கள், எழுந்தது நான்

போன மாசம் என் மகள் வர்ஷாவுக்குப் பதினெட்டு முடிந்தது. அவ்வளவுதான்... சின்ன வயசிலிருந்து அவள் சர்க்கரையைப் பார்த்துவந்த குழந்தைகள் டாக்டர், ‘இனிமே பெரியவங்க கிளினிக்குக்குப் போங்கம்மா’ என்று ஃபைலைக் கையில் கொடுத்துவிட்டார். கேக் வெட்டினால் கணையமும் மேஜர் ஆகிவிடும் போல!

பழைய கிளினிக்கில் சுவரெல்லாம் யானை, முயல். டாக்டர் என்னைத்தான் கேட்பார். நான்தான் பதில் சொல்வேன். வர்ஷா போனை நோண்டுவாள். பிரமாதமான ஏற்பாடு!

லோத்குண்டா வீட்டிலிருந்து அமீர்பேட்டுக்கு அலைந்து புது கிளினிக்கில் நுழைந்தால், சுவரில் புண் வைத்த கால் படம். அதுவும் கலரில். என்ன ஒரு வரவேற்பு!

பக்கத்து நாற்காலி அங்கிள் தெலுங்கில் ஆரம்பித்தார். “இந்த வயசுலேயே சுகரா? ஸ்வீட் நிறைய சாப்பிட்டியாம்மா?” கணையம் தானாக வேலையை நிறுத்தின வியாதி இது, லட்டு பாவம் என்ன செய்யும்? அவர் விடவில்லை. பாகற்காய் ஜூஸ் குடித்தால் இன்சுலினையே விட்டுவிடலாமாம்.

வர்ஷா என் காதில் சொன்னாள்: “நக்கோ அம்மா, வேண்டவே வேண்டாம். இனிமே இங்க வரவே மாட்டேன். இன்சுலின் மெடிக்கல் ஷாப்லயே கிடைக்கும்.”

டாக்டரைப் பார்க்காமலே காலத்தை ஓட்டுவாளா? கண், கிட்னியெல்லாம் யார் பார்ப்பது?

அந்தப் பதற்றத்தில் இருக்கும்போது நர்ஸ் “வர்ஷா!” என்று கூப்பிட்டாள். பழக்கதோஷம் — விருட்டென்று எழுந்து போனேன். நர்ஸ் என் நரையைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள். சந்தேகமே வரவில்லை. ‘ஐயோ, நான் இல்லம்மா’ என்று சொல்வதற்குள் விரலில் குத்திவிட்டாள்.

ஓடிவந்த வர்ஷா மீட்டரைப் பார்த்தாள். சிரிக்க வந்தவள் முகம் மாறிவிட்டது.

“அம்மா... உனக்கு சுகர் டூ நைன்ட்டி.”

உள்ளே டாக்டர், “பேஷண்ட் யாரு?” என்றார்.

“ரெண்டு பேரும், சார்” என்றாள் வர்ஷா.

வழக்கம்போல வாயைத் திறந்தேன். “இரும்மா, நான் பேசறேன்” என்று அடக்கிவிட்டு, தன் இன்சுலின் கணக்கை மடமடவென்று ஒப்பித்தாள். அப்புறம் என் கதை. நான் ராத்திரியில் எத்தனை தடவை பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறேன், ஃப்ரிட்ஜில் மைசூர்பாகை எந்த டப்பாவுக்குப் பின்னால் ஒளிக்கிறேன்... போனை நோண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாள், கள்ளி!

வெளியே வந்ததும் பயந்துகொண்டே கேட்டேன். “அடுத்த தடவை வருவியாடி கண்ணு?”

“வராம? உன்னைத் தனியா விட்டா அந்த அங்கிளோட பாகற்காய் ஜூஸைக் குடிச்சிட்டு வந்து நிப்ப!”