கொடி இறங்கும் வரை

கடல்நீரேரி வற்றி உப்புச்சேறு காயும்போது ஒரு மணம் எழும். அழுகலும் அல்ல, மீனும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் ஏதோ. கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் வீதியில், பேருந்தின் யன்னல் வழியாக இன்றைக்கும் அது வந்து முகத்தில் அறைந்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்தினார். நான் மூச்சை உள்ளே இழுத்தேன். இழுத்ததும் இருந்த இடத்திலேயே கால்கள் கனத்தன. இரண்டு வருடங்களுக்கு முன் நான் ஓடப் பழகிய வீதி அது.

அண்ணைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆசுபத்திரிக்குப் போய்வந்தார். என்னுடைய இரத்தம் அவருக்குப் பொருந்தியது. என் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்றபோது டொக்டர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தரலாம். முதல் எட்டுக் கிலோ குறையுங்கோ. பிரஷரும் இறங்கவேணும்."

நாற்பத்தாறு வயதுவரை பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடாதவன் நான். தை மாதத்தில் ஓடுவதற்கென்று சப்பாத்து வாங்கினேன்.

தை நல்ல மாதம். புல்லில் பனி, நீரில் நாரை, மூச்சு தடையில்லாமல் போய்வந்தது. மூன்றாம் கிழமையே நீரேரிப் பாலம்வரை நிற்காமல் ஓடினேன். உடம்பு இடம் கொடுக்கும் நாட்களில் அண்ணை ஸ்கூட்டியில் பின்னால் வருவார், காலடியில் என் தண்ணீர்ப் போத்தலோடு. அவருக்கு நாள் முழுவதும் அளந்த தண்ணீர்தான், சின்னக் குவளையால் மூன்று. எனக்குப் போத்தலைத் திறந்து நீட்டுவார். மூடியில் ஒட்டிய துளியை விரலால் எடுத்துத் தன் உதட்டில் தடவிக்கொள்வார். நான் பார்க்காதவன்போல் குடிப்பேன்.

"டேய், நாரை உன்னைப் பாத்துச் சிரிக்குது."

"சிரிக்கட்டும். உங்களுக்காகத்தானே ஓடுறன்."

"எனக்காக எண்டா கொஞ்சம் கெதியா ஓடு. எனக்கும் வயசு போகுது."

பங்குனியில் வெயில் பிடித்தது. சித்திரையில் தார் இளகிச் சப்பாத்தில் ஒட்டியது. தையில் பதினாறு நிமிடத்தில் ஓடிய தூரத்துக்கு இருபத்திரண்டு நிமிடம் போனது. பிறகு பாதியில் நின்றேன். பிறகு பாதிக்கும் முன்னால். நெஞ்சு காதுக்குள் இடித்தது. வைகாசியில் எழும்பிய சோளகக் காற்று புழுதியையும் சூட்டையும் அள்ளிக்கொண்டுவந்து வாயில் போட்டது. பழகப் பழகக் கூட வேண்டிய வேகம் குறைகிறதே என்று மணிக்கூட்டைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கப்பட்டேன். வெயிலை நான் குற்றம் சொல்லவில்லை. எனக்குள் ஏதோ மனமில்லாமல் இருக்கிறது, கொடுக்கப் பயந்த ஒருவன் உள்ளே குந்தியிருந்து காலை இழுக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

ஆடி முடிவில் ஏழு கிலோ குறைந்திருந்தது. மிச்சம் ஒன்று. அப்போதுதான் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது.

எங்கள் வீட்டில் சாமியிடம் ஒன்றைக் கேட்பதென்றால் ஒன்றை விட்டுத்தான் கேட்போம். நான் தண்ணீரை விட்டேன். கொடி இறங்கும்வரை, மத்தியானப் பூசை முடியாமல் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் ஓட்டத்தை விடவில்லை. காலைப் பூசை கும்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு, வெயில் ஏறிய பிறகு, அதே வீதியில் இறங்கினேன்.

அண்ணை போத்தலை நீட்டினார்.

"குடியடா."

"கொடி இறங்கட்டும் அண்ணை."

"எனக்குத்தான் அளந்து தருகினம். உனக்கு ஆர் கட்டுப்பாடு போட்டது? முருகன் வந்து சொன்னவரோ?"

நான் ஓடினேன். எனக்குள் ஒரு பெருமை இருந்தது, அதை இப்போதாவது சொல்லவேண்டும். அவருடைய தாகத்தில் கொஞ்சத்தை நானும் வாங்கிக்கொண்டேன் என்று நம்பினேன். வாங்க முடியாது. அவருடையது அவரிடமே இருந்தது. நான் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டேன், அவ்வளவுதான். பத்தாம் நாள் வெயிலுக்குள்ளேயே குளிரெடுத்து மயிர்க்கூச்செறிந்தது. சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போனது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

திருவிழா முடிய நாலு நாள் இருக்கும்போது கடைசி இரத்தப் பரிசோதனை. எட்டுக் கிலோவும் குறைந்திருந்தது. டொக்டர் அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓடுறனீங்களோ?"

"ஓம்."

"எத்தினை மணிக்கு?"

"எட்டு."

"தண்ணி?"

"விரதம்."

பேனையை மேசையில் வைத்தார். "வெயிலுக்கை ஓடேக்கை இருதயத்துக்கு ரெண்டு வேலை. காலுக்கும் இரத்தம் அனுப்பவேணும், உடம்பு ஆறத் தோலுக்கும் அனுப்பவேணும். தண்ணியும் குடியாட்டி எதை அனுப்புறது? உங்கடை சிறுநீரகமே இப்ப களைச்சுப்போய்க் கிடக்கு. தேறிவரும். ஆனா இந்த நிலைமையிலை எடுக்கேலாது. ஆறு கிழமை பொறுத்துத் திரும்பப் பாப்பம்."

சித்திரையிலிருந்து வேகம் குறைந்துகொண்டே வந்ததைச் சொன்னேன், குற்றத்தை ஒப்புக்கொள்பவனைப்போல.

"அது வெயில். புதுசா ஓடுற ஆரெண்டாலும் குறையும். அது உங்கடை பிழையில்லை," என்றார். எது என் பிழை என்பதை அவர் சொல்லவில்லை.

நாலாம் கிழமை அண்ணைக்கு நெஞ்சில் கிருமி தொற்றியது. கொழும்புக்கு அனுப்பினார்கள். அம்புலன்சில் கூடப் போக ஒருவருக்குத்தான் இடம், அண்ணி ஏறினார். நான் அடுத்த நாள் காலை ரயிலில் போனேன். வவுனியா தாண்டும்போது அண்ணியின் அழைப்பு வந்தது. அழுகைதான் கேட்டது. எனக்கு விளங்கியது.

ஆறாம் கிழமை நானாகப் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. எந்த நேரமும் எடுக்கலாம் என்ற அளவுக்குச் சரியாக இருந்தது.

அண்ணையைக் கொழும்புக்கு ஏற்றிய அந்தப் பின்னேரம் அம்புலன்சின் கதவடியில் நின்றேன். முகமூடியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, என்னைக் குறை நினையாதேங்கோ."

"என்னத்துக்கடா?"

"நான் தண்ணி குடிச்சிருக்கலாம்."

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "நீயும் தாகத்திலை கிடந்து உத்தரிக்கவேணுமெண்டு நான் எப்பையடா கேட்டனான்? சரி, விடு. அண்ணியின்ரை பை வாசலிலை கிடக்கு, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா."

எடுத்துவந்து கொடுத்தேன். சாரதி கதவை இழுத்தார்.

"போயிட்டு வாறன் தம்பி."

"ஓம் அண்ணை. போயிட்டு வாங்கோ."