அவர் போடாத அம்மா வேஷம்

அவர் செய்யாத உதவிக்காக ஒருத்தி அவருக்கு நன்றி சொன்னால், அந்த நன்றி யாருக்குப் போய்ச் சேரும்? மூன்று வாரமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். குழந்தைக்குக் கஞ்சி கிளறும்போது வருகிறது. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறதா, என் கைதான் சில்லென்று இருக்கிறதா என்று குழம்பும்போது இதுவும் கூடவே வந்து நிற்கிறது.

அவர் என்று நான் சொல்வது டிவியில் காமெடி செய்துகொண்டிருந்த ஒருவரை. சினிமாவில் பெரிதாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அரைமணி நேர நிகழ்ச்சி, அவரும் இரண்டு நண்பர்களும், பின்னால் அட்டையில் வரைந்த ஒரு வீடு, அவ்வளவுதான். சில மாதங்களுக்கு முன்பு இறந்துபோனார். பேப்பரில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் போட்டிருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு நான் ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். சேரப்பணஞ்சேரியில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறைகளில் ஆறு பெண்கள் இருந்தோம். ஒருவரை ஒருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். நான் விழுப்புரம். இன்னொருத்தி செய்யாறு. மற்றொருத்தி தென்காசி. அவர்கள் ஐந்து பேரும் லைனில் நின்று வயருக்கு டேப் சுற்றுகிறவர்கள். நான் டிகிரி முடித்திருந்ததால் ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதனால் எனக்கு ஞாயிறு லீவு. அவர்களுக்கு ஞாயிறு என்றால் பெரும்பாலும் ஓ.டி.

எங்கள் அறையில் டிவி கிடையாது. கீழே வீட்டுக்கார அக்கா, ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்து, மீன் குழம்பு வைத்து, தட்டோடு டிவி முன்னால் உட்காருவார். நானும் போய் உட்காருவேன். பார்த்ததை மறுநாள் காலை ஷிப்ட் பஸ்ஸில் மற்ற ஐந்து பேருக்கும் நடித்துக் காட்ட வேண்டும். யாரும் போட்ட சட்டம் இல்லை, தானாக வந்த வழக்கம். பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு மணிமங்கலம் வரை போய் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டுதான் கம்பெனிக்குத் திரும்பும். அந்த முக்கால் மணி நேரம் என்னுடையது. குரல் மாற்றிப் பேசுவேன். டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்ப்பார். ஸ்டோர்ஸில் வாய் திறக்காத நான் அந்த பஸ்ஸில் வேறொருத்தியாக இருந்தேன்.

அவர் செய்தவற்றில் எத்தனையோ இன்னும் கண்ணில் நிற்கின்றன. கல்யாண போட்டோகிராபராக வந்து, "மாப்ள, கொஞ்சம் தள்ளுங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி, மாப்பிள்ளையைக் கூட்டத்தில் உட்காரவைத்துவிட்டு, தானே பெண் பக்கத்தில் போய் நிற்பார். இன்னொன்றில் தாத்தா வேஷம். செல்போன் கம்பெனிக்கு போன் செய்வார். மெஷின் குரல், இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும் என்னும். "சரிம்மா, சரிம்மா" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, தன் முட்டிவலியைச் சொல்லி, கடைசியில் "நீ நல்லா இருக்கணும் தாயி" என்று அந்த மெஷினை வாழ்த்தி போனை வைப்பார். சிரித்துச் சிரித்து அக்காவுக்குப் புரையேறியது.

ஒரு குடைக் காட்சியையும் அப்படி அக்காவோடுதான் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் ஒருவர் குடை பிடித்து நிற்கிறார். மழை இல்லை. குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்துக்குப் பிடித்திருக்கிறார். மூன்று நிமிடமும் ஒரு வார்த்தை இல்லை. பஸ் வருகிறது. அந்தக் காலி இடத்தை முதலில் ஏறவிடுகிறார். அவர் ஏறவில்லை. பஸ் போனபிறகு குடையை மடக்குகிறார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, இப்போது உயிரோடு இல்லாத ஒருத்திக்குப் பிடித்த குடை அது என்று. கணவரை இழந்திருந்த அக்கா, குழம்பு ஒட்டிய கையின் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் பஸ்ஸில் அதை என்னால் சொல்ல முடியவில்லை. "ஒண்ணும் பேசல, சும்மா நின்னாரு" என்றேன். "ஐய, அவ்ளோதானா?" என்று கொட்டாவி விட்டாள் செய்யாறு. அத்தோடு அந்தக் குடை போயிற்று.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு நான் டிவி பார்க்கப் போகவில்லை. இப்போது என் கணவராக இருப்பவரைப் பார்க்க வாலாஜாபாத் போனேன். பாலாற்றுப் பாலத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, பேசுவதற்கும் அதிகம் இல்லை, ஆனாலும் மாலையாகிவிட்டது. அறையில் யாருக்கும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தால் வீட்டுக்கும் தெரிந்துவிடும் என்ற பயம்.

மறுநாள் பஸ்ஸில் செய்யாறு ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி திரும்பினாள். "நேத்து இன்னாடி பண்ணாரு?"

தலைவலி, தூங்கிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? ஞாயிறு முழுக்க நின்ற கால்களோடு ஐந்து பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலையைச் செய்யாமல் பிடிபட்ட மாதிரி இருந்தது எனக்கு.

"நேத்து பொம்பள வேஷம்" என்றேன்.

பிறகு வாய் தானாக ஓடியது. ஒரு கிராமத்து அம்மா மகளைப் பார்க்கக் கம்பெனி கேட்டுக்கு வருகிறாள். கையில் அதிரச டப்பா. செக்யூரிட்டி மறிக்கிறார்.

"ஐ.டி. கார்டு எங்கம்மா?"

"எம் மூஞ்சிதான்யா அவ மூஞ்சி. கூட்டியாந்து பக்கத்துல நிறுத்திப் பாரு."

"ஷூ இல்லாம உள்ள போகக்கூடாது."

செக்யூரிட்டி அந்தப் பக்கம் திரும்பியதும், அம்மா ரேக்கிலிருந்து ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு நுழைந்துவிடுகிறாள். சூப்பர்வைசர் தொப்பியை மட்டும் பார்த்துக் கத்துகிறார்: "லேட்டா வந்துட்டு வேடிக்க பாத்துகினு கீறியா? லைன்ல நில்லு!" மகளுக்குப் பக்கத்திலேயே இடம். மகள் நிமிரவே இல்லை, டார்கெட். ஊரில் பூக் கட்டுகிற அம்மா, வயரையும் பூப்போலவே கட்டுகிறாள். எல்லாரையும்விட வேகம். சூப்பர்வைசர் அசந்துபோகிறார். "இவங்களப் பாத்துக் கத்துக்கோங்க!" பஸ் முழுக்கச் சிரிப்பு. பெல் அடிக்கிறது. மகள் முகத்தைப் பார்க்காமலே, "நாளைக்கும் ஓ.டி. இருக்குக்கா, வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அம்மா வெளியே வந்து அதிரச டப்பாவைச் செக்யூரிட்டியிடம் கொடுக்கிறாள். "நீ சாப்புடு. நான் வந்தேன்னு சொல்லாத, திட்டுவா."

சொல்லி முடித்தபோது தென்காசி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். மதியம் கேன்டீனில், "ஏட்டி, எங்கம்மையும் பூதான் கெட்டும்" என்றாள். அது எனக்கு முன்பே தெரியுமா? எப்போதாவது அவள் சொல்லி, நான் கேட்டு மறந்திருப்பேனா? தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்று ஏழு மாதமாகப் போகாதவள். திரும்பி வந்து, "எங்கம்மைக்குத் தலையில எண்ண வச்சு விட்டேன்ட்டி, கொழந்த கணக்கா உக்காந்திருந்துச்சு" என்றாள். இரண்டு மாதம் கழித்து அவள் அம்மா இறந்துபோனார்.

அதற்குமேல் நான் எப்படி உண்மையைச் சொல்வது? முதலில் வெட்கத்தால் சொல்லவில்லை. பிறகு துக்க வீட்டில் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லை. பிறகு பழையதாகிவிட்டது.

போன மாதம் என் மகளின் முதல் பிறந்தநாள். வாலாஜாபாத்தில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பழைய ரூம் தோழிகள் வந்திருந்தார்கள். கேக் வெட்டியபின் யாரோ டிவி போட, அவருடைய பழைய காட்சி ஓடியது. சாவு வீட்டுக்கு வந்த தூரத்து உறவுக்காரராக அவர், புதிதாக யார் வந்தாலும் ஒருமுறை கதறிவிட்டு, நடுவில் "காபி வருமா?" என்று ரகசியமாகக் கேட்கிறார். எல்லாரும் சிரித்தோம். பேச்சு அவரைப் பற்றித் திரும்பியது.

"எதுவானாலும் அந்த அம்மா வேஷம் மாதிரி வராதுடி" என்றாள் செய்யாறு. "நான் மறுபடி போட்டப்போ எங்க வூட்ல பாத்தேன். வெள்ளப் பொடவ, கட்டம் போட்ட ஒயர் பை. ஷூவ மாத்திப் போட்டுகினு நடந்து வருவாரே!"

புடவையின் நிறத்தை நான் சொன்னதே இல்லை. ஒயர் பை என் கதையில் கிடையாது. அவள் பொய் சொல்கிறவளும் இல்லை.

அப்போது டிவியில் அறிவிப்பு ஓடியது. மறக்க முடியாத காட்சியைப் பற்றி ரசிகர்கள் கடிதம் எழுதலாம், எல்லாவற்றையும் தொகுத்து முதலாம் ஆண்டு நினைவு நாளில் அவர் மனைவியிடம் கொடுப்பார்கள் என்று. தென்காசி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக மட்டும் அந்த வேசம் போடலன்னா நான் ஊருக்குப் போயிருப்பனா? எங்கம்ம மொகத்தப் பாத்திருப்பனா? அவுக வீட்டம்மாட்ட இதச் சொல்லணும்ட்டி. எனக்கு எழுத வராது. நீ எழுது."

அன்றே அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான்கு பக்கம். கீழே கையெழுத்துப் போட்டு, "நாளைக்கே போட்டுருவியா?" என்றாள். சரி என்றேன்.

மறுநாள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார். "அப்போ நாம பாலத்துல நடந்ததுக்கு இவ்ளோ பெரிய கதையா? போடு, யாருக்கு என்ன நஷ்டம்?" சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். "ஆனா அந்தம்மா படிச்சிட்டு, நம்ம புருஷன் இத எப்போ பண்ணாருன்னு பழைய கேசட்டெல்லாம் தேடுனாங்கன்னா?"

அதிலிருந்து அதுதான் கண்ணுக்குள். ஒரு வீட்டில் ஒரு பெண் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் தேடுவது அதில் இல்லை.

போன வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேரப்பணஞ்சேரி போனேன். அந்த ஞாயிறு உண்மையில் அவர் என்ன நடித்தார் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று. வீட்டுக்கார அக்கா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கா? ரேஷன் கட. தராசுல தானே ஏறி நின்னுகினு, நா எவ்ளோ கொறஞ்சுட்டேன்னு அழுவாரு. நீ வரலயேன்னு பாத்துகினே இருந்தேன்."

"அப்போ உங்களுக்குத் தெரியுமா, அக்கா?"

"தெரியாம? அதுங்க அஞ்சும் எறங்கி வந்து, அம்மா வேஷம் சூப்பரு, நீங்க பாத்தீங்களான்னு கேட்டுச்சுங்க. ஆமா, சூப்பர்னு சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"நீ எங்கயோ ஊர் சுத்தப் போயிருக்கன்னு தெரிஞ்சுது. காட்டிக் குடுக்க மனசு வரல. அப்பறம் அந்தத் தென்காசிப் பொண்ணு ஊருக்குப் போயிட்டு வந்து இதோ இங்கதான் ஒக்காந்து அழுதுச்சு. நா இன்னாத்த சொல்ல?"

இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். குழந்தையின் கொலுசை நகர்த்தினார். "எனக்கும் தெரிலடி" என்றார். கிளம்பும்போது கேட் வரை வந்தவர், கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "அந்தக் கொடைய எழுதுடி. டிவில எல்லாரும் என்னென்னமோ பேசறாங்க, அத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நம்ம ரெண்டு பேர்தான் பாத்தோமா?"

வரும் வழியெல்லாம் அதுதான் உறுத்தியது. அவர் உண்மையாகச் செய்ததை நான் ஒரு வரியில் கொன்றேன். அவர் செய்யாததை ஐந்து பேர் மனதில் ஆயுசுக்கும் நட்டுவைத்தேன். அவரை ரசித்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன தகுதி? வீட்டுக்கு வந்ததும் குடைக் காட்சியை எழுதினேன். இந்தமுறை கொஞ்சம் சரியாக வந்தது.

இரண்டு கடிதங்களும் குழந்தையின் தடுப்பூசி அட்டைக்கு அடியில் இருக்கின்றன. அட்டையை எடுக்கும்போதெல்லாம் கையில் படுகின்றன. உண்மையைச் சொன்னால் தென்காசி என்னைத் திட்டுவாள், அது பரவாயில்லை. ஆனால் அவள் அம்மாவின் தலையில் எண்ணெய் வைத்த அந்த இரண்டு நாள், நான் பஸ்ஸில் பயத்தில் உளறிய பொய்யால் வந்தது என்று தெரிந்தபின், அதை அவள் எப்படி வைத்துக்கொள்வாள்? சொல்லாமல் கடிதத்தைப் போட்டால், அந்த மனைவி இல்லாததைத் தேடுவார். போடாமலே போட்டேன் என்று சொன்னால், பழைய பொய்க்குத் துணையாக இன்னொன்று.

தென்காசி ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாள். "போட்டுட்டியாட்டி?" என்கிறாள். குழந்தைக்குச் சளி, போஸ்ட் ஆபீஸ் போகவில்லை என்று மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். சளி எப்போதோ சரியாகிவிட்டது. நினைவு நாளுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இதைப் படிக்கிறவர்களில் யாராவது, தோழியிடமோ வீட்டிலோ இப்படி மாட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தால், எனக்கு எழுதுங்கள். நான் முதலில் யாரிடம் பேச வேண்டும், அவளிடமா, அவர் மனைவியிடமா? எந்தக் கடிதத்தைத் தபாலில் போடட்டும்?