சுகம் கேட்டேன், காகிதம் வந்தது

எண்பதுகளின் ஆரம்பம். சம்பா நடவு முடிந்த சமயத்தில்தான் என் மகள் கிரேஸின் கை நடுங்கத் தொடங்கியது. முத்து முத்தாக எழுதுகிற பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு வாத்தியார் நோட்டைக் காட்டி, "இது உம் பொண்ணு எழுத்தா, கோழி கிளறினதா?" என்று கேட்டார். பிறகு பேச்சும் குழறியது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் சிந்தியது. நான் கூலிக்குப் போகிற இடத்தில், "பேய் அடிச்சிகீது, எஸ்தரு" என்றார்கள். ஆண்டவரே, இருக்கிறது ஒரே பிள்ளை, ஏன் இப்படி என்று அழுதேன்.

உத்திரமேரூரில் சின்ன கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மாதான் எங்களை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். உடம்பில் செம்புச் சத்து வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தங்குகிறது என்றார்கள். அங்கே கொடுத்த மாத்திரை கிரேஸுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் கொப்புளம். ரத்தமும் குறைந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் வரைக்கும் அழுதேன்.

டாக்டரம்மா விடவில்லை. வெளிநாட்டு டாக்டர் ஒருவர் இதே நோய்க்கு வேறு மருந்து கொடுத்துப் பார்த்து, ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருந்தாராம். தலைப்பு மட்டும்தான் கிடைத்தது. அந்தப் பத்திரிகை டாக்டரம்மா தேடிய மெட்ராஸ் லைப்ரரி எதிலும் இல்லை. சந்தா கட்டி வரவழைப்பது எங்களால் ஆகிற காரியமும் இல்லை.

"எழுதினவருக்கே லெட்டர் போட்டிருக்கேன், எஸ்தரம்மா. கேட்டா ஒரு காப்பி சும்மாவே அனுப்புவாங்க. நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "செஞ்ச வேலைக்கே கூலிய நாலு வாட்டி கேட்டாத்தான் குடுக்கறாங்க. மூஞ்சி தெரியாத மனுஷன் சும்மா குடுப்பாரா? நான் ஆண்டவர்கிட்ட சுகம் கேட்டுக்கினு கீறேன். நீங்க இன்னாடான்னா காயிதம் கேக்கச் சொல்றீங்க!"

ஆனாலும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து நின்றேன். மழைக்கு, வேலைக்கு, பிள்ளை வரத்துக்கு என்று எல்லாரும் சொல்லி முடித்திருந்தார்கள். "வெளிநாட்டுலேர்ந்து ஒரு புக்கு வரணும்" என்றேன்.

"இன்னா எஸ்தரு, கதை புக்கா?" என்றார் தாவீது அண்ணன். சபையே சிரித்தது. நான் முறைத்தேன். ராகேல் அக்கா மட்டும் சிரிக்காமல் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, அந்த மனுஷன் எங்க கீறாரோ உனக்குத் தெரியும். லெட்டரு அவரு கைல சேரணும். அவரு அதைத் தூக்கிப் போட்டுடக் கூடாது" என்று ஜெபித்தார். அன்றைக்குத்தான் எனக்கும் அப்படிக் கேட்க வாய் வந்தது.

வாரங்கள் போயின. கிரேஸ் படுக்கையோடு ஆகிவிட்டாள். ஒரு நாள் களை எடுத்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் டாக்டரம்மா ஓடிவந்தார். "எஸ்தரம்மா, வந்துடுச்சு!"

சேற்றுக் கையோடு எட்டிப் பார்த்தேன். நாலைந்து தாள். ஒரு படம்கூட இல்லை. "இவ்ளோதானா?" என்றேன். மேலே அந்த வெளிநாட்டு டாக்டர் கைப்பட எழுதியிருந்ததை டாக்டரம்மா படித்துச் சொன்னார். யாருக்குத் தேவைப்பட்டாலும் நகல் எடுத்துக் கொடுங்கள், அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள் என்று இருந்ததாம். முகம் தெரியாத மனுஷன் என் பிள்ளையை விசாரிக்கிறார்! வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மெட்ராஸ் டாக்டர்கள் அதைப் படித்துப் பார்த்து, துத்தநாக உப்பில் செய்த மருந்தைக் கொடுத்தார்கள். ஒரே நாளில் எதுவும் நடந்துவிடவில்லை. மெள்ள மெள்ளத்தான் நடுக்கம் அடங்கியது. அடுத்த நடவுக்கு அவள் தன் கையால் சாப்பிட்டாள். ஆண்டவருக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. இன்றும் மருந்து உண்டு, ஜெபமும் உண்டு.

கேட்டு எழுதுகிற டாக்டர்களுக்கெல்லாம் டாக்டரம்மா நகல் அனுப்புகிறார். "இந்த வாரம் யாருக்கு புக்கு வரணும், எஸ்தரு?" என்று தாவீது அண்ணனே இப்போது முதலில் கேட்கிறார். பிரியமானவர்களே, நீங்களும் கூச்சப்படாதீர்கள். பெயர் சொல்லத் தெரியாத பொருளானாலும் ஆண்டவரிடம் கேளுங்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பவள் கிரேஸ்தான்.