டிராக்டர் சுற்றிப்போன பாவு

நியூசிலாந்துக் கிராமத்து மாட்டுப்பண்ணையில் அருளுக்கு மூன்று வருஷ வேலை. கொட்டகையில் அவன் மனைவி துர்காவுக்குத் தறி போட்டுக் கொடுத்தான். காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுபோன பட்டு நூலை மகளின் புடவைக்காக ஒரு விடியலில் அவள் சாலையிலேயே தறியில் ஏற்றும் பாவாக நீள விரித்துவிட்டாள். ஊரில், நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில், தெருவில்தானே விரிப்பார்கள்.

"இது இன்னா பிள்ளையார்பாளையமா? டிராக்டர் வருது பாரு!" என்று அருள் ஓடிவந்தான்.

சுருட்ட நேரமில்லை. சக்கரம் ஏறினால் புடவை இல்லை. துர்கா முன்னால் போய் நின்று, சுற்றிப் போகும்படி கைகாட்டினாள். பக்கத்துப் பண்ணைக் கிழவர் இறங்கி, இழைகளைக் குனிந்து பார்த்துவிட்டு, புல்வெளி வழியே ஓட்டிப் போனார்.

"நம்ம ஊரு லாரிக்காரன் திட்டிக்கினே சுத்திப் போவான். இவரு திட்டக்கூட இல்ல" என்றாள் துர்கா.

அடுத்த பாவு விரித்த காலையில் அவருடைய டிராக்டர் சாலை முனையில் குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் இரண்டு கார்கள் காத்திருந்தன.