தேய்ஞ்ச மோதிரம்

அட, சேட்டு ஒண்ணும் ஏமாத்தல டீச்சரம்மா. என் மோதிரம் ஒரு பக்கம் தேஞ்சு கீதேன்னு கேட்டியே, அந்தத் தங்கம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். குந்து, தண்ணி லாரி வர்றதுக்குள்ள சொல்லிடறேன்.

என் பெரியவன் வயித்துல இருந்த வருசம். சானடோரியம் ஸ்டேஷன் பின்னாடி ஒரு கவர்மெண்டு ஷெட்டுல வேலை. கர்நாடகா பக்கம் காட்டுல தோண்டின பச்சைக் கல்லு மூட்டை மூட்டையா வரும். நாங்க பொம்பளைங்க உரல்ல இடிச்சு, மாவா சலிச்சு, பாக்கெட் போட்டுக் குடுக்கணும். அதுல தங்கம் கீதான்னு வேற எங்கியோ பாப்பாங்க. ஆபீசர் மொத நாளே சொல்லிட்டாரு, "ஒடம்புல பொட்டுத் தங்கம் இருக்கக் கூடாது. ஒரு தூசு உதிர்ந்தாலும் காடே தங்கம்னு பொய் சொல்லிடும்." அப்ப தாலி? கழட்டுவமா? மஞ்சக் கயித்துல கெழங்கைக் கட்டிக்கினு போனோம். என் மாமியா தெருவெல்லாம் சொல்லிச்சு, தாலிய அடகு வெச்சுட்டான்னு. இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது.

ஷெட்டு தொறந்து மூணு வருசம் ஆயும் ஒண்ணும் கெடைக்கல. இந்த லோடுலயும் இல்லன்னா ஷெட்டை மூடுன்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க. பாவம், அந்த மனுசன் சோத்து டப்பாவைத் தொறக்காமலே வூட்டுக்கு எடுத்துக்கினு போவாரு.

எனக்கு ஏழாம் மாசம், கை வீங்கிப் போச்சு. வேலைக்குப் போறப்ப தெனமும் கழட்டி வெக்கற மோதிரம், சோப்பு போட்டும் வரல. சொன்னா வேலைக்கு வராதேன்னுடுவாங்க. துணி சுத்திக்கினு போனேன். சலிக்கறப்ப துணி கிழிஞ்சு, மோதிரம் சல்லடைல ஒரசுச்சு. பாத்துட்டு, திரும்பச் சுத்திக்கினேன். வாயத் தொறக்கல.

பத்து நாள் கழிச்சு ஆபீசர் ஜாங்கிரியோட வந்தாரு. நான் சலிச்ச பாக்கெட்ல தங்கம். அந்தக் காட்டுல மெஷின் வெச்சுத் தொளைக்கணும்னு லெட்டர் எழுதப் போறாராம். நான் ஜாங்கிரியைத் திங்காம கையிலயே வெச்சுக்கினேன்.

"என்னம்மா, பிடிக்கலையா?"

கையை நீட்டினேன். குனிஞ்சு மோதிரத்தைப் பாத்தாரு. அந்தக் கல்லுல மீதிப் பாதிய வேறொருத்தியை இடிக்கச் சொன்னாரு. சிங்கப்பெருமாளே, என் மோதிரம் இல்லாமலே தங்கம் வரட்டும்னு பக்கத்துல நின்னு வேண்டிக்கினேன். வரல.

ஷெட்டு பூட்டற அன்னிக்கு சொன்னாரு, "நீ சொல்லாம இருந்திருந்தா இன்னும் ஒரு வருஷம் நல்லாத் தூங்கியிருப்பேம்மா." சொல்லிட்டு, ஆட்டோ புடிச்சு என்னை வூட்டுக்கு அனுப்பினாரு. வேலை போன பொம்பளைங்க ஆறு மாசம் என்னாண்ட பேசல.

மூணு வருசத்துல அவரு கண்ட தங்கம் மொத்தமும் இந்தப் பள்ளத்துல இருந்ததுதான். தொட்டுப் பாரு... ஹாரன் கேக்குதா? லாரி வந்துடுச்சு. கொடத்தை எடு, டீச்சரம்மா, பின்னாடி நின்னா கலங்கல்தான் வரும்.