எதிரொலிக்கு டிக்கெட் இல்லை

அந்தச் சித்திரையில் செஞ்சிக் கடைவீதியில் யாரைத் தொட்டாலும் ஒரு வித்தை வெளியே வந்தது. எண்ணெய்க்கடைக்காரர் மூக்காலேயே நாகசுரம் வாசிப்பார் என்பது அதுவரை அவர் மனைவிக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் நெற்றியில் கண்ணாடி டம்ளரை நிறுத்திக்கொண்டு பேப்பர் படித்துக் காட்டினார். இரண்டு பிள்ளை பெற்ற என் சித்தப்பா, கடைக்கு உள்ளே கண்ணாடி முன்னால் நின்று காதை ஆட்டிப் பழகியதை என் கண்ணாலேயே பார்த்தேன். "ஈ உக்காந்துதுடா" என்று சமாளித்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ரோஸ் நிற நோட்டீஸ்.

பொருட்காட்சி எங்களுக்குப் புதிதில்லை. கோடை வந்தால் ராட்டினமும் மரணக்கிணறும் உடம்பில்லாமல் பேசும் பெண் தலையும் லாரியில் வந்து இறங்கும். திருவண்ணாமலைச் சாலையோர மைதானத்தில் தகரமும் ஓலைத் தட்டியும் சுற்றி வேலி எழும்பும். இந்த முறை குதிரைவண்டியில் குழாய் கட்டி ஊரைச் சுற்றி வந்தவர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள். திறமை மேடை. யாரும் ஏறலாம், எதையும் செய்யலாம். கடைசி நாள் யாருக்குக் கைதட்டல் அதிகமோ, அவரைப் பொருட்காட்சியே மைக் அறிவிப்பாளராக வேலைக்கு எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அழைத்துப் போகும்.

வேலை! ஊர் ஊராக! நான் பி.யூ.சி. முடித்துவிட்டு எங்கள் மளிகைக்கடையில் புளி நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நோட்டீஸைப் படித்ததும் தராசு என் கையிலேயே ஆட ஆரம்பித்துவிட்டது. எனக்கென்று ஒரு திறமையும் இல்லை, விசிலடித்தால்கூடக் காற்றுதான் வரும். ஆனால் திறமை எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடிக்க எனக்குத் தெரியும். அன்று மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கவரத்துக்கு மிதித்தேன்.

அங்கே என் பள்ளிக்கூட நண்பன் இருந்தான். அவனுடையதைப் போல ஒரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. உரத்த குரல் என்றால் ஊரில் எத்தனையோ பேரிடம் இருக்கிறது. அவன் குரல் உரத்தது மட்டுமில்லை, வளையும். கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போலவும் கூரை மேலிருந்து கூப்பிடுவது போலவும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு பேசுவான். வகுப்பில் அவன் கடைசி பெஞ்சில் வாயைத் திறந்தால் வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பார். சின்ன வயதிலிருந்தே பொருட்காட்சிக்குப் போனால் அவன் ராட்டினத்தில் ஏறமாட்டான். மைக் பிடிப்பவரின் கூண்டு பக்கத்தில் போய் நின்றுகொள்வான். "அந்தாளு வேலூரு பாத்துருக்காரு, திருச்சி பாத்துருக்காரு. உக்காந்த எடத்துல பேசிக்கினே போறாரு பாரு" என்பான். அவன் திண்டிவனம் தாண்டியதில்லை.

நான் போனபோது அவனும் அவன் நைனாவும் மல்லாட்டை வயலில் இருந்தார்கள். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். நோட்டீஸை நான் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நண்பன் காகிதத்தை வாங்கி, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தானே ஒருமுறை படித்தான்.

அவன் நைனா சிரித்தார். "கத்துறதுக்கு டிக்கெட்டா? இங்க ஓசியில கத்துறானே, போதாதா?"

"மாமா, இது வேலை. மாசச் சம்பளம்."

"சரி, இவன் பூட்டான்னா மல்லாட்ட புடுங்கறது யாரு? இன்னும் பத்து நாள்ல காய் முத்திடும்."

"நான் வரேன்!" என்றேன். யோசித்தெல்லாம் சொல்லவில்லை.

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "சக்கரை மூட்டை தூக்காத கை. நகையாட்டம் ஓலைப்பெட்டியில போட்டு வெக்கலாம்." பிறகு மகனைப் பார்த்து, சிரிப்பில்லாமல் சொன்னார்: "போ. ஏறிப் பாரு. ஜனம் கை தட்டுச்சின்னா நீ அவங்க கூடப் போ, நான் தடுக்க மாட்டேன். சிரிச்சி அனுப்பிச்சின்னா, மறுநா காலையில வயல்ல இருக்கணும். அப்புறம் இந்த மைக்கு பேச்சே எடுக்கக்கூடாது. இன்னா?"

"சரி நைனா."

அவ்வளவுதான் ஒப்பந்தம். பக்கத்து வயலிலிருந்து யாரோ "ஓ... ஹோ... ய்" என்று குரல் கொடுத்தார்கள். நண்பனின் நைனா தலையைக்கூடத் திருப்பாமல் பதிலுக்கு ஒரு "ஓய்" போட்டார். அந்தப் பக்கத்தில் அது பழக்கம். பன்றியும் காக்கையும் வரும் காலத்தில் ஒரு வயலில் குரல் கொடுத்தால் அடுத்த வயலில் எடுக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் அங்கே யாரோ விழுந்துகிடக்கிறார், பாம்பு கொத்திவிட்டது என்று அர்த்தம். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அதனால் பதில் தானாக வரும், இருமலைப் போல.

என்ன வித்தை செய்வது என்பதை முடிவு செய்தவன் நான். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. கோட்டைக்குள்ளே நெற்களஞ்சியம் இருக்கிறதே, அங்கே நின்று ஒரு வார்த்தை சொன்னால் சுவர் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லும். அவனை அங்கே கூட்டிப்போனேன். ஆடு காணாமல் போன ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போடுவதாக வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டுக்காரன் சுவர்தான்.

"என் ஆட்ட அவுத்து வுட்டது யாருடா? நீயா?"

நீயா, என்றது சுவர்.

"டேய், நான் இல்ல!"

நான் இல்ல.

"அப்ப திருடன் நீதான்!"

நீதான்!

நான் தரையில் விழுந்து சிரித்தேன். சுவர் சண்டைக்கு வருகிற மாதிரியே இருந்தது, ஏனென்றால் அவன் ஒவ்வொரு கேள்வியையும் சுவர் எதைத் திருப்பும் என்று பார்த்து வெட்டினான். ஒரு நாள் கோபமான சுவர், ஒரு நாள் அசட்டுச் சுவர். தினமும் மாலை போனோம். வௌவால்கள் எங்களுக்குப் பழகிவிட்டன. கடைவீதியில் நான் வாயை மூடவில்லை. "எண்ணெய்க்கடைக்காரரே, மூக்கை மூடி வெச்சிக்கங்க. எங்க ஆள் வரான்" என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

கடைசி நாள் வந்தது. ஊர் மைதானத்தில் கொள்ளவில்லை. அவலூர்பேட்டையிலிருந்தும் வல்லத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வேலிக்கு உள்ளே டிக்கெட் வாங்கியவர்கள். வெளியே வாங்காதவர்கள். வெளியிலிருந்தும் ராட்டினத்தின் மேல் பாதி தெரியும், மைக்கும் கேட்கும், அதனால் பாதி ஜனம் அங்கேதான் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நிற்கும். எண்ணெய்க்கடைக்காரர் நன்றாகவே வாசித்திருப்பார், நடுவில் தும்மல் வராமல் இருந்திருந்தால். டம்ளர் ஆசாமி டம்ளரை உடைத்தார். என் சித்தப்பா மேடையேறினார், காதுகள் மட்டும் அசையவில்லை. "ஈ வரலியா?" என்று நானே கத்தினேன்.

பிறகு என் நண்பன் ஏறினான். சலவை வேட்டி, என்னிடம் கடன் வாங்கிய சட்டை. மைக்கைத் தள்ளி வைத்தான், எதிரொலிக்கு மைக் ஆகாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். நெஞ்சை நிமிர்த்தி ஆரம்பித்தான்.

"என் ஆட்ட அவுத்து வுட்டது யாருடா? நீயா?"

ஒன்றும் திரும்பி வரவில்லை.

துணிப் பந்தல் அவன் குரலைக் குடித்துவிட்டது. ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பத்து நாள் கல்லுக்குள் பழகச் சொன்னவன், மேடை துணியால் ஆனது என்பதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"நீயா?" என்றான் மறுபடி. முன்வரிசையில் யாரோ, "நான் இல்லீங்க சாமி" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. அது நல்ல சிரிப்பில்லை. அவன் நைனா சொன்ன சிரிப்பு.

நான் கண்ணை மூடிக்கொள்ளப் போனேன். அப்போதுதான் அவன் ஒரு காரியம் செய்தான், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர் கூச்செறிகிறது. அவன் பயப்படவில்லை. கையை நெற்றியில் வைத்து, கோட்டை மலைப்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"இன்னாப்பா, சத்தத்தையே காணோம்? தினம் களஞ்சியத்துல ஒண்ணுக்கு ஒண்ணு பதில் குடுத்தியே. இன்னைக்கு இன்னா, டிக்கெட் வாங்கலியா? கேட்டுல நிறுத்திட்டாங்களா?"

சிரிப்பு மாறியது. அந்த ஒரு நொடியில் மாறியது, எனக்குக் காதில் கேட்டது. முன்வரிசை ஆசாமி தொடையில் தட்டினார். ஆனால் அவன் அதோடு நிற்கவில்லை. மேடையின் ஓரத்துக்கு வந்து, வேலிப்பக்கம் திரும்பி, வயலில் கொடுப்பது போலக் குரல் கொடுத்தான்.

"ஓ... ஹோ... ய்!"

வேலிக்கு வெளியிலிருந்து, சட்டென்று, ஒரு முரட்டுக் குரல்: "ஓ... ய்!"

எனக்கு அந்தக் குரல் தெரியும். அவனுக்கும் தெரியும். கத்துவதற்கு டிக்கெட்டா என்று சிரித்த மனிதர், தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பதில் கொடுத்ததும் சிங்கவரத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்தில் ஒருவர், அப்பால் ஒருவர், மாட்டுவண்டி மேலிருந்து ஒருவர் என்று ஓய், ஓய் என்று வேலியைச் சுற்றி ஓடியது.

நண்பன் முகமெல்லாம் மலர்ந்து, "வந்துட்டியா! அங்கதான் நிக்கிறியா! என் ஆட்ட அவுத்து வுட்டது யாருடா? நீயா?"

"நீயா!" என்றது வெளியே இருந்த ஜனம்.

"திருடன் நீதான்!"

"நீதான்!"

பந்தல் அதிர்ந்தது. உள்ளே டிக்கெட் வாங்கியவர்களும் எதிரொலியாக மாறிவிட்டார்கள். அவன் மெதுவாகக் கேட்டால் மெதுவாகவும், கோபித்தால் கோபமாகவும் அவ்வளவு ஜனமும் திருப்பிச் சொன்னது. களஞ்சியத்துச் சுவரை வெட்டி வெட்டிப் பேசவைத்தது போலவே ஊரையும் பேசவைத்தான். இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. கடைசியில், "சரி வுடு, ஆடு வூட்லதான் இருக்குது, நான்தான் சரியா பாக்கல" என்று தலையைச் சொறிந்தான். பிறகு எழுந்த கைதட்டலில் பேசும் பெண் தலைகூடத் திரையை விலக்கிப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

பொருட்காட்சி மேனேஜர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினார். "மொதல்ல குரல் குடுத்தது யாருங்க?"

நண்பனின் நைனா இரண்டு அடி பின்வாங்கினார். "நான் எட்டிக்கூட பாக்கலீங்க. ரோட்லதான் நிக்கிறேன். ரோட்டுக்குக் காசு கெடையாதுல்ல?"

"ஐயா, காசு கேட்கலை. பையன் உங்க பையனாமே. அனுப்புவீங்களா? மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்குது. எனக்கு இப்படி ஒரு ஆள் வேணும்."

அவர் மகனைப் பார்த்தார். மகன் என் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

"நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்றார் நைனா. "குரல் குடுத்தா எடுக்காம எப்பிடி நிக்கிறது? போறான், இட்டுக்கினு போங்க. வேளைக்குச் சோறு போடுங்க." பிறகு என்னைத் தேடிப் பிடித்தார். "இன்னா தம்பி, வாக்கு குடுத்தியே. காலையில வெய்யிலுக்கு முன்ன வந்துடு."

வந்தேன். வேறு வழி? லாரிகள் திருவண்ணாமலைக்குக் கிளம்பிய அதே காலையில் நான் சிங்கவரத்து வயலில் குனிந்து செடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வரிசை முடிவதற்குள் விரலில் கொப்புளம். நான் பிடுங்காமல் விட்ட காயை நண்பனின் நைனா பின்னாலேயே வந்து பொறுக்கினார்.

வெயில் ஏறியபோது பக்கத்து வயலிலிருந்து குரல் வந்தது. "ஓ... ஹோ... ய்!"

அவர் கை நின்றது. பதில் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். அவர் எடுக்காவிட்டால் அங்கிருந்து எடுப்பவன் அவன்தான், வருஷக்கணக்காக; இன்று அவன் இடத்தில் நான்.

நான் நிமிர்ந்து, அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். முந்தின நாள் கத்தியதில் தொண்டை போயிருந்தது. கன்றுக்குட்டி மாதிரி ஒன்று வெளியே வந்தது. வரப்பில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்து வயலிலிருந்து ஒருவர் சந்தேகத்தோடு கேட்டார்: "யாருப்பா அது? மாடா, ஆளா?"

"ஆளுதான்!" என்று கத்தினார் நண்பனின் நைனா. "புதுசு!"