அத்தை பிரித்த முக்காடு

போர்ட் பிளேரில் என் வீட்டில், என் மகள், குரோஷா ஊசியால் பின்னும் கைப்பைக்காக வாங்கியிருந்த பாசிமணிகள் நேற்றுக் கைதவறித் தரையில் கொட்டின. அந்தச் சத்தத்தில் ஸ்டெல்லா அத்தையின் நினைவு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவின் தங்கையான ஸ்டெல்லா அத்தை, தன் கல்யாண முக்காட்டைத் தானே பின்னிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குக் கார் நிக்கோபாரில் வேலை. பின்னத் தொடங்கும் முன்பே மணிகளையெல்லாம் நூலில் கோத்துவிட வேண்டும். அது என் பொறுப்பு. முற்றத்தில் காயும் அப்பாவின் வலையிலிருந்து உப்பு வாடை வீசும். அத்தை ஒவ்வொரு மணியாக ஊசியருகே தள்ளிப் பின்னுவார்.

ஒருநாள் பள்ளிவிட்டு வந்தபோது, அத்தை அழுதுகொண்டே முக்காட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். மணிகள் நூலோடு மடியில் சரிந்தன.

"அத்தே, நான் தப்பா கோத்துட்டேனா?"

"அரே, இல்லட்டி. நீ கோத்தது எல்லாம் டீக்காத்தான் இருக்கு."

சரியாக இருந்தால் ஏன் பிரிக்க வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் சொல்லவுமில்லை. மாப்பிள்ளை வீட்டார்தான் வேண்டாம் என்றிருப்பார்கள் என்று வளர்ந்தபின் நானே முடிவுசெய்து, அத்தைக்காக இத்தனை வருடம் பரிதாபப்பட்டேன்.

நேற்று அத்தையிடமே போனில் கேட்டேவிட்டேன்.

"வேண்டாம்னு சொன்னது நான்தாம்ட்டி. என் டீச்சர் வேலைய விட்டுட்டு கார் நிக்கோபாருக்கு வரணும்னு அவன் சொன்னான்."

"அப்ப ஏன் அழுதீங்க?"



"அதுதான் எனக்கும் இன்னிக்கு வரைக்கும் புரியல," என்றார்.